மாறியது மட்டும்

“என்ன மாறிச்சு?”

கடைக்குள் காலை வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ‘வாங்க’, ‘உக்காருங்க’ எல்லாம் அதற்குப் பிறகுதான். நேற்று வந்தவர் இன்றும் வந்தால், இடையில் என்ன மாறியது என்று சொல்லியாக வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால், பிறகு எதற்கு வந்தாய் என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். முதல் சில வாரம் அந்தப் பார்வை எனக்கு எரிச்சலாக இருந்தது. நானும் வாய்க்குப் பேர் போனவள். “உங்க மூஞ்சி மட்டும் மாறவே இல்லக்கா” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப அதை விடு. உன் ஆய்வேட்டுல என்ன மாறிச்சு, அதைச் சொல்லு” என்றார்.

நாகூரில், தர்காவிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு குறுக்குத் தெரு. மாமியார் வீட்டு முன்னறையை மரப்பலகையால் மறித்துக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பெயர்தான் சென்டர். ஒரு மெஷின், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை, வளைகுடா வேலைக்குப் போகிற பையன்களின் பயோடேட்டா, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவில் ஆண்பிள்ளை இருக்கும் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அத்தனை பேர் விமானம் ஏறியிருந்தார்கள்.

அவரும் சில வருடம் கணவரோடு ஷார்ஜாவில் இருந்தவர்தான். கணவரின் கம்பெனியில் சம்பளத்தைக் குறைத்ததும் குடும்ப விசா போய்விட்டது. கணவர் அங்கே பேச்சிலர் ரூமுக்குப் போனார். இவர் இங்கே வந்தார். வருகிறவர்கள் நகையும் கம்பளியும் செண்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். ஷார்ஜாவில் ஓர் அலுவலகத்தில் அதை இயக்கவும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதவும் பழகியிருந்தார். தெருக்காரர்கள் லாத்தா என்று கூப்பிட்டார்கள். நான் குடவாசல்காரி, எனக்கு அக்கா என்றுதான் வந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்தால் வேலையை நிறுத்திவிடுவார். படமும் பொத்தானுமாக இருக்கும் விண்டோஸை மூடிவிட்டுக் கறுப்புத் திரைக்குப் போவார். மௌஸைத் தொட மாட்டார். “சுட்டிக் காட்டுறது குழந்தைக்கு. வாயைத் திறந்து சொல்லணும்” என்பார். ஒரே ஒரு வரி அடிப்பார். எக்ஸ்காப்பி என்று தொடங்கும் அந்தக் கட்டளையின் வாலில் ஒரு சாய்கோடு, அதன் பின்னால் ஓர் எம். என்டரைத் தட்டியதும் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஓடும். ஃப்ளாப்பி கர்கர் என்று சத்தம் போடும்.

அந்த எம் என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அரை மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளம் உண்டாம். கோப்பில் ஏதாவது மாறினால் அது எழுந்து நிற்குமாம். கட்டளை ஓடும்போது, எழுந்து நிற்பவற்றை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, அந்த அடையாளத்தை உட்கார வைத்துவிடுமாம். மறுநாள் மறுபடி மாறினால் மறுபடி எழுந்திருக்கும்.

“காய்கறிக்காரர் வந்தா என்ன வாங்குறோம்? வீட்டுல தீந்துபோனதைத்தானே? தினம் சமையக்கட்டையே வாங்குறமா?” என்றார்.

“எல்லாத்தையும் தினம் எடுத்து வெச்சா நல்லதுதானேக்கா?”

“ஃப்ளாப்பி உங்க அப்பா வாங்கித் தருவாரா?”

நான் அடுத்த ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

ஃப்ளாப்பிகளை ஷார்ஜா பால்பவுடர் டின்களில் போட்டு வைத்திருந்தார். ஒன்று நிறைந்தால் அடுத்தது. எழுதியதை அழித்து அதன் மேலேயே மறுபடி எழுதும் பழக்கம் கிடையாது. மாதம் முடிந்ததும் அந்த டின்னில் இருப்பதற்கு ஜோடியாக இன்னொரு நகல் எடுத்துத் தன் உம்மா வீட்டுக்கு, அதாவது அம்மா வீட்டுக்கு, அனுப்பிவிடுவார். கடை தொடங்கிய நாளில் மெஷினில் இருந்த அத்தனையையும் முழுசாக எடுத்த ஃப்ளாப்பிகள் மட்டும் ஒரு பெரிய டின்னில், பீரோவின் அடித்தட்டில் இருந்தன. அதற்கு ஜோடி எடுக்கவில்லை. அதில் இருப்பது எதுவும் மாறவில்லையே, பிறகு எதற்கு?

இந்தக் குணம் மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருடைய மாமி, அதாவது மாமியார், காலையில் முழங்கால் வலியைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தால், “மாமி, நேத்து சொன்னதுக்கு மேல என்ன?” என்பார். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, “இன்னைக்கு இடது காலும் சேந்துகிச்சு” என்று சொல்லும். உடனே மருந்துக்கு ஆள் போகும். மற்ற மருமகள்கள் மணிக்கணக்கில் கேட்டுவிட்டு ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று அந்த அம்மாளே என்னிடம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கடைசிவரை அதற்கு ஒரு குறை. “கேட்டுத்தான் தொலையேன்” என்று பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கடி சத்தம் வரும்.

ஒருமுறை திட்டச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையை மேசையில் வைத்தார். “ரெண்டாவது பொண்ணுக்கும்மா. எல்லாம் அதேதான். பொண்ணு பேரு, தேதி, மண்டபம் மட்டும் மாத்திக் குடுங்க போதும்.” அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆட்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். அடித்து முடித்தார், சரிபார்த்தார், பிறகு தலையைத் தூக்கி மரியாதையாகக் கேட்டார். “ஏங்க, மாப்பிள்ளை மாறலையா?”

அந்த மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டிக் கேட்டது.

வெள்ளிக்கிழமை கணவர் ஃபோன் செய்வார். கடை ஃபோன்தான், எதிரே நான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகச் சொல்ல மாட்டார். அவ்வளவு சுருக்கமாக ஒரு புருஷன் பெண்டாட்டி பேசி நான் கேட்டதில்லை. “கொல்லைச் சுவர் பூசியாச்சு. மாமிக்குச் சர்க்கரை இறங்கிருக்கு. சின்னவன் கணக்குல பாஸ். வேற ஒண்ணும் மாறலை.” அந்தப் பக்கம் ஏதோ சொல்வார்கள். இவர் “ம்” என்பார். ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அடுத்த பக்கத்தை எடு” என்பார். இந்த அம்மாவுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா, அல்லது அங்கேயும் ஃப்ளாப்பிதானா என்று நான் என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் ஒப்பந்தத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாகூர் வட்டாரப் பெண்களின் பாடல்கள் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். தாலாட்டு, மணப்பாட்டு, மருதோன்றி இடும்போது பாடுவது என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்தேன். பதிவுக்காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அதுவும் முடிந்து மறுபடி வாங்கி, இனி ஒருநாளும் நீட்டிக்க முடியாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தக் கார்த்திகை மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள். என் வேலை, என் இத்தனை வருட அலைச்சல், இரண்டும் அக்காவின் மெஷினுக்குள் இருந்தன.

அந்த வருடம் மழை பேய் மாதிரி பெய்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு காலை, மெஷினை ஏற்றியதும் உள்ளே டக், டக் என்று சத்தம். திரையில் ஒன்றும் வரவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

“என் ஆய்வேடு போச்சேக்கா” என்று கண்ணைக் கசக்கினேன். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டே கேட்டார். “என்ன போச்சு? முந்தாநேத்து வரைக்கும் டின்னுல இருக்கு. நேத்து சாயங்காலம் கரண்ட் இல்லாம நகல் எடுக்கல, நேத்து அடிச்ச ரெண்டு பக்கம்தான் போச்சு. அதை மறுபடி அடிச்சுக்கலாம். மூஞ்சியைத் தொடை.”

திருச்சியிலிருந்து புது டிஸ்க் பஸ்ஸில் வந்தது. விண்டோஸைப் போட்டார். டின்களைத் திறந்து, பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் செருகினார். கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முதல் இயலைத் திறந்தார்.

தமிழே இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொக்கியும் குப்பையாகக் கிடந்தன.

இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. அன்றைக்குத் தமிழ் எழுத்துக்குப் பொதுவான ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு ஃபாண்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு விசைப்பலகை. நாம் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் இருக்கும். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்த ஃபாண்ட்தான். அது இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் இல்லாததுதான். அக்காவின் ஃபாண்ட் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. திருச்சியில் ஒரு பையன் தானே செய்து விற்றது.

அவர் பீரோவைத் திறந்து பெரிய டின்னை எடுத்தார். முழு நகல் அதில்தான் இருந்தது, ஃபாண்ட்டும் அதில்தான். மூடியைத் திறந்தால் கடற்கரை ஊரின் ஈரம் முழுக்க உள்ளே. ஃப்ளாப்பியின் தகட்டை விலக்கிப் பார்த்தார். வெள்ளைப் பூசணம். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். எதுவும் படிக்கவில்லை.

எல்லாம் எனக்கு அப்போது புரிந்தது. தினம் மாறியதெல்லாம் இரண்டு வீட்டில் இருந்தது. ஒருநாளும் மாறாத ஃபாண்ட் அந்த முதல் நாளில் மட்டும் நகலாகி, பிறகு யாராலும் தொடப்படாமல் ஒரே ஒரு டின்னில் கிடந்து அழுகிப்போயிருந்தது.

“தப்பு என்னோடது” என்றார். குரல் உடையவில்லை. “மாறாதது பத்திரமா இருக்கும்னு நெனச்சுட்டேன். அதுவா இருக்காது. நாமதான் வெச்சுக்கணும்.”

நான் அழ ஆரம்பித்தேன்.

“அழுறதுன்னா வெளியில போய் அழு. கீபோர்டுல தண்ணி படக் கூடாது.”

நான் அழுது முடித்து உள்ளே வந்தபோது திருச்சிக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். ஃபாண்ட் செய்த பையனின் அப்பா எடுத்தார். “அவன் அமெரிக்கா போயிட்டாம்மா. கம்ப்யூட்டர், டிஸ்க் எல்லாத்தையும் வித்துட்டுத்தான் கெளம்புனான். அங்க போயும் தமிழா எழுதப்போறேன்னு சொன்னான்.” அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பையனை நாலு வார்த்தை திட்டினேன். “போனவங்களைத் திட்டி என்ன ஆகும்? இருக்குறது நாமதானே” என்றார். அதை எதற்குச் சொன்னார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

புதிதாக அடிக்கவும் நாள் இல்லை. கடைசி வடிவம் முழுவதும் காகிதத்திலும் இல்லை. என் நெறியாளர் சிவப்பு மையால் திருத்திய பழைய பிரதி கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா திரையில் கிடந்த குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையையும் வெறும் மேசைமேல் வைத்தார். திரையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதற்கான விசை இருக்கும் இடத்தில் விரலால் மேசையைத் தட்டினார். தட்டும்போதே வாய் முணுமுணுத்தது. “ஆ... ரா... ரோ...”

அந்தக் குப்பை வேறொன்றுமில்லை, அவர் வருடக்கணக்கில் தட்டிய விசைகள்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்தது.

“எழுதிக்கோ” என்றார். “எம்முன்னா அ. கே ம. அரைப்புள்ளின்னா மேல புள்ளி.”

அவர் தட்டத் தட்ட நான் எழுதினேன். அவருக்குச் சந்தேகம் வந்த இடத்தில் சிவப்புமைப் பிரதியைப் பார்த்து நான் சொன்னேன். பாட்டுகள் எனக்கு மனப்பாடம் என்பதால் ஒரு வரியின் தொடக்கம் கிடைத்தால் மீதியை நான் சொல்லிவிடுவேன், அவர் ஒப்பிட்டுக்கொள்வார். நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் வேறு ஃபாண்ட் கிடைத்தது. பழைய ஃபாண்ட்டின் எழுத்தை எடுத்துப் புதியதன் எழுத்தாகப் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். முதல் தடவை ஓட்டியபோது, மாற்றியதையே மறுபடி மாற்றி, தாலாட்டில் குழந்தைக்குப் பதிலாக என்னவோ தூங்கியது. அவருக்குப் பதற்றமே இல்லை. ஓட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் முழுசாக, ஆமாம், முழுசாக, தனியே நகலெடுத்து வைத்திருந்தார். அதை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். மறுபடி கோளாறு. மறுபடி தொடக்கம்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் சோறு ஆக்குவதுகூட மாமியின் பாடு என்று ஆயிற்று. மழை ஓயவில்லை. பத்திரிகை அடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். “ஏன் லாத்தா, அந்தப் பொண்ணு காசு கூடத் தருதா?” என்று ஒருவர் கேட்டே விட்டார். “என் கையில குடுத்துச்சு. என் கையிலேருந்து போச்சு. நீங்க அடுத்த வாரம் வாங்க” என்றார்.

ஒரு மத்தியானம் திரையில் தமிழ் வந்தது. பிசிறில்லாமல், கொம்பும் காலும் அதனதன் இடத்தில். மாமி பலகைக்கு இந்தப் பக்கம் வந்து, படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்துவிட்டுப் போனது. அக்கா எல்லாக் கோப்புகளையும் ஒரே ஓட்டில் மாற்றினார். பிறகு கேட்டார்.

“ஆறு இயல்னுதானே சொன்னே? ஏழு கோப்பு இருக்கே.”

திறந்து பார்த்தோம். போன வருடம் நெறியாளர் எடுக்கச் சொன்ன இயல் அது. வெளிநாடு போன புருஷன்மாரைப் பற்றித் தெருவில் பெண்கள் பாடுகிறவற்றைத் தனி இயலாக எழுதியிருந்தேன். “ஃபோனும் விசாவும் வர்ற பாட்டெல்லாம் நாட்டார் பாட்டாம்மா? நேத்து யாரோ கட்டுனது. எடுத்துடு” என்று சொல்லிவிட்டார். எடுத்துவிடச் சொல்லி அக்காவிடம் சொன்னேன். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் அழித்தார்.

“வேணும்னே வெச்சிருந்தீங்களாக்கா?”

“நான் ஏன் வைக்கிறேன்? நீ அழிக்கச் சொன்னே, மெஷின்ல அழிச்சேன். டின்னுல இருக்குறதுக்கு அது தெரியாதுல்ல? மாறினதைச் சேக்கத்தான் இந்தக் கட்டளைக்குத் தெரியும். இல்லாம போனதைக் கழிக்கத் தெரியாது.”

திரையில் அந்த இயலின் கடைசிப் பாட்டு தெரிந்தது.

*புதுசாச் சேதி இல்லையின்னா போனை வெச்சுப் போறீகளோ*
*பழசாத்தான் நானிருக்கேன் பாத்துப்போக மாட்டீகளோ*

போன வருடம் இதைச் சேகரித்தபோது நல்ல பாட்டு என்று நினைத்தேன், அவ்வளவுதான். இப்போது அதையே இரண்டு தடவை படித்தேன். நெறியாளர் எதைச் சொல்லி இதை எடுக்கச் சொன்னாரோ, அதுதான் இதன் உயிர் என்று தெரிந்தது. தாலாட்டுக்குள் இருந்த பெண்களைவிட இதற்குள் இருந்த பெண்களை எனக்குத் தெரியும். தினம் அவர்கள் தெருவழியாகத்தான் நடந்தேன்.

“எடுக்கவா, வைக்கவா?” என்றார் அக்கா. திரையைப் பார்த்துத்தான் கேட்டார். “எடுக்கணும்னா இப்பவே சொல்லு. பக்க எண் மாறும்.”

வைத்தால் நெறியாளர் கையெழுத்துப் போடாமல் போகலாம். அந்தக் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகத்தில் வாங்க மாட்டார்கள். மறுநாள்தான் கடைசி நாள்.

“வையுங்கக்கா” என்றேன்.

அவர் பிரிண்டரில் காகிதம் வைத்தார்.

மறுநாள் பைண்டிங் செய்த பிரதிகளைப் பாலிதீனில் சுற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். நான் கூப்பிடவில்லை, அவராகவே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார். எங்கே கோளாறு வந்தாலும் தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

நெறியாளர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நின்றோம். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார். அந்த இடத்தில் விரல் நின்றது.

“இதை எடுக்கச் சொன்னேனே?”

“எடுத்தேன் சார். திரும்ப வந்துடுச்சு.”

“திரும்ப வந்துடுச்சா? விளையாடுறியாம்மா?”

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

“டைப் பண்ணது நாங்க. அழிச்சதும் நான்தான். போனதைத் திரும்பக் கொண்டுவந்ததும் நான்தான். இன்னொரு தடவை அழிக்கணும்னா நீங்க வேற ஆளைத்தான் பாக்கணுங்க.”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அக்காவைப் பார்த்தார். அவருடைய வீட்டிலேயே அவரிடம் இப்படி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். என்ன இருந்தாலும் நல்ல மனிதர்தான், என் வேலை போவதை அவரும் விரும்பவில்லை.

“இந்தப் பாட்டெல்லாம் யார் கட்டுனது?”

“யாருக்கும் தெரியாது சார். கேட்டா, எல்லாரும் பாடுறாங்க, நாங்களும் பாடுறோம்னுதான் சொன்னாங்க. தேடிப் பாத்தேன். ஆள் தெரியல.”

“நிச்சயமாத் தெரியலையா? கட்டுன ஆள் இன்னார்னு தெரிஞ்சா அது நாட்டார் பாட்டு இல்ல, கவிதை. கவிதைன்னா உன் தலைப்புக்குள்ளயே வராது. இந்த இயலே செல்லாது. வைவாவுல கிழிச்சுடுவாங்க.”

“தெரியல சார்.”

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்கு முன்னால் பிரதிகளைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். பதிவு ரத்து ஆகாது. எனக்கு வேலை உண்டு. வெளியே படியில் உட்கார்ந்து சிரிப்பும் அழுகையுமாக என்னவோ செய்தேன். இந்தத் தடவை அக்கா என்னைத் திட்டவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மழை விட்டிருந்தது. பாதித் தூரம் வந்ததும் அவர் சொன்னார்.

“அந்த ஃபோன் பாட்டுல ஒரு சொல் தப்பு.”

“எதுல?”

“ரெண்டாவது அடி. ‘பழசாத்தான்’ இல்ல. ‘படிக்கே நானிருக்கேன்’. இருந்தபடிக்கே இருக்கேன்னு அர்த்தம். தெருவுல பாடிப்பாடி மாத்திட்டாங்க.”

“அக்கா, டைப் பண்றப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீ எழுதிக் குடுத்ததைத்தானே நான் அடிக்கணும்.”

நான் நடையை நிறுத்திவிட்டேன். அழிக்கச் சொன்ன அன்றைக்கு, ஒரு வார்த்தை பேசாமல் அவர் விசையைத் தட்டியது நினைவுக்கு வந்தது.

“அது தப்புன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“ஆள் தெரிஞ்சா அது செல்லாதுன்னு உங்க சார் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? வாயை மூடிக்கிட்டு வா. பஸ் போயிடும்.”

வாயை மூடிக்கொண்டுதான் போனேன். அதனால்தான் இங்கேயும் அவர் பெயரை எழுதவில்லை.